மைனஸ் விட்டுப்போன வேலைச்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனில் இருந்து எழுதுகிறேன். உங்கள் இதழை நான் கைப்பேசியில்தான் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள், இரண்டாவது காப்பியோடு. சென்ற ஞாயிறு வந்திருந்த வாசகர் கடிதம் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் காப்பி ஆறிப்போய்விட்டது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலையில் சேரும் முன்பே சம்பளம் பேசுகிறார்கள், சேர்ந்த மறுவாரமே மேலதிகாரி போட்ட திட்டத்தில் குறை கண்டுபிடிக்கிறார்கள், நாங்கள் சொன்னதைச் செய்துவிட்டுப் போனோம் என்பது அவருடைய ஆதங்கம்.

அவரைத் திட்ட இதை எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதே நினைப்பில் ஒரு டீமையும் நடத்தினேன். அதற்கு ஆன செலவு எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க். இறங்குகிற மூட்டைக்கும் சீட்டில் உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதுதான் அவர் வேலையே. அதே அப்பா வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, "பெரியவங்க முன்னால வாயத் திறக்காத" என்று. 2008-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டில் இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில். நான் வேலை செய்வது துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில், ஒரு குளிர்பதனக் கிடங்கில். சரக்கு அனுப்பும் பிரிவின் மேனேஜர். எனக்குக் கீழே பதினேழு பேர். பாதிக்கு மேல் ஜூலு மொழி பேசுபவர்கள். மீதியில் பலர் நாயுடு, கோவிந்தர், மூட்லி, பிள்ளை என்று பெயரில் மட்டும் தமிழ்நாட்டையும் ஆந்திராவையும் வைத்திருக்கும் நம்மவர்கள். பேசுவது எல்லாம் ஆங்கிலம்தான். அக்கா, தாத்தா, ரசம் போன்ற சில சொற்கள் மட்டும் உதிராமல் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் டீம் கூட்டம். கடைசியில் நான் கேட்பேன்: "யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" பதினேழு பேரும் தரையைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் "யெபோ, மேடம்" என்பார். யெபோ என்றால் ஜூலுவில் ஆமாம். ஆமாம், பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது, நாங்கள் போகலாமா என்று அர்த்தம். நான் அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன்.

ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

குளிர்பதனக் கன்டெய்னரை நாங்கள் ரீஃபர் என்போம். நாற்பதடி நீளம், ஒரு முனையில் இயந்திரம், அதில் ஒரு சின்னத் திரை. என்ன குளிர் வேண்டுமோ அதைத் திரையில் தட்டி, மின்சாரத்தில் செருகிவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும். உறைந்த மீனுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி. இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி. அன்று சாயந்திரம் நான் அவசரமாக எழுதிக்கொடுத்த வேலைச்சீட்டில் 18 என்று மட்டும் இருந்தது. முன்னால் போட வேண்டிய அந்தச் சின்னக் கோடு இல்லை.

சீட்டை வாங்கியவர் குவாமாஷுவில் இருந்து வரும் ஒரு தம்பி, இருபத்துநான்கு வயது. சீட்டில் இருந்தபடியே தட்டினார், செருகினார், கையெழுத்துப் போட்டார், போனார்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாடைதான். அட்டைப்பெட்டிகள் ஊறிப்போய், மேல் வரிசையின் பாரம் தாங்காமல் கீழ் வரிசை நசுங்கி, தரையெல்லாம் இளஞ்சிவப்புத் தண்ணீர். ரீஃபர் குளிரூட்ட மட்டும் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். சொன்னால் சூடும் ஏற்றும். நான் பதினெட்டு என்று சொன்னேன். அது அறுபது மணி நேரம் என் சொல்லைத் தட்டாமல் மீனைப் பதினெட்டுக்குக் கொண்டுபோக உழைத்திருக்கிறது. சொன்னதைச் செய்யும் ஊழியர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் அந்த இயந்திரத்தைத்தான் காட்டுவேன்.

விசாரணையில் அந்தத் தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்க்காமல் இருப்பது ஜூலு வீடுகளில் மரியாதை என்பது பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "பார்த்தேன், மேடம். மைனஸ் இல்லையே என்று இரண்டு தடவை உங்கள் கதவு வரைக்கும் வந்தேன். முதல் தடவை போனில் இருந்தீர்கள். இரண்டாம் தடவை நிமிர்ந்து பார்த்து, என்ன, இன்னும் முடிக்கவில்லையா என்றீர்கள். அதற்கு மேல், சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்தது."

அவர் பெயரில் எழுத்துமூல எச்சரிக்கை தயாராகிவிட்டது. அதைக் கொடுக்க நான் விடவில்லை. எச்சரிக்கை என் பெயருக்கு மாறி வந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது. ஆனால் அந்த இரண்டு நடை என்னை விட்டுப் போகவே இல்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் இருந்து என் அறைக்கு நூற்றிருபது அடி இருக்கும். நூற்றிருபது அடி நடந்து வந்த ஒரு வார்த்தை வாசலில் திரும்பிப் போயிருக்கிறது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

சரி, இதைவிட அதிகமாக உறுத்துவது ஒன்று உண்டு. அதில் மீன் எதுவும் கெடவில்லை, எந்தக் கணக்கிலும் நஷ்டமாக ஏறவில்லை.

சரக்கு இருப்புக் கணக்குக்கு ஒரு பெண்ணை எடுத்தோம். இந்த ஊர்த் தமிழ்ப் பெண், நல்ல கெட்டிக்காரி. சம்பளத்தில் எவ்வளவு வரை ஏறலாம் என்று எனக்கு ஒரு வரம்பு கொடுத்திருந்தார்கள். நான் சொன்ன தொகைக்கும் அந்த வரம்புக்கும் மாதம் 1,800 ரேண்ட் இடைவெளி. ரேண்ட் என்பது இந்த நாட்டுப் பணம். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லி என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மனசுக்குள் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பட்ஜெட் மிச்சம்!

ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு ஒரு இளைஞர் வந்தார். அதே தொகையைச் சொன்னேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "இது எனக்குப் பத்தாது, மேடம். வரம்பு எதுவரை இருக்கிறது?" என்று கேட்டார். மூன்றே நிமிடத்தில் முழு 1,800-ஐயும் கொடுத்தேன். கொடுத்ததோடு, தெளிவான பையன் என்று மெச்சிக்கொள்ளவும் செய்தேன். அந்தப் பெண் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பேன்? வாய் கொஞ்சம் நீளம் என்று நினைத்திருப்பேன். நான் ஒரு பெண், இன்னொரு பெண்ணைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பெண்கள் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் சுமார் 4,600 ஊழியர்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பெண்களும் ஆண்களைப் போலவே கேட்கிறார்கள், ஆனால் கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்கு ஊதிய உயர்வு கிடைத்தபோது கேட்ட பெண்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது என்கிறது அது. அந்த மீதி ஐந்து எங்கே போயிற்று என்று என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சம்பளத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உடனே அலுவலகத்தில் இருந்து சம்பளம் ரகசியம், பேசக்கூடாது என்று ஒரு மின்னஞ்சல். மறுநாள் காலை கேன்டீன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஜெராக்ஸ் பக்கம் ஒட்டியிருந்தது. எங்கள் ஷாப் ஸ்டூவர்ட் அம்மா ஒட்டியது. தொழிற்சங்கத்தின் சார்பில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி அவர். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 1997, பிரிவு 78: ஊழியர் தன் வேலை நிபந்தனைகளைச் சக ஊழியரிடமோ முதலாளியிடமோ வேறு யாரிடமுமோ பேசலாம். அந்த வரிக்குக் கீழே மஞ்சள் மார்க்கரில் கோடு. மின்னஞ்சலைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்தப் பெண் தினமும் பத்து மணிக்கு டீ போடும்போது எனக்கும் ஒரு கப் கொண்டுவருவாள். அன்று தன் கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு என் அறையைத் தாண்டிப் போனாள். நானாகத்தான் கூப்பிட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா, மேடம்?" தெரியவில்லை என்று சொன்னேன். அதுதான் உண்மை.

நாங்கள் இருக்கும் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 1860 நவம்பர் 16-ல் மதராசில் இருந்து ட்ரூரோ என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். குறை இருந்தால் முறையிட, பின்னாளில் குடியேறிய இந்தியர்களுக்கான பாதுகாவலர் என்று ஓர் அதிகாரியை வைத்தார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கச் சீட்டு வேண்டும், சீட்டுக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. யாரைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறோமோ அவரிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் ஓடிப்போன குற்றம்.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர், கிழிந்த துணியும் உடைந்த முன்பற்கள் இரண்டும் வாயில் ரத்தமுமாக, டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன இளம் வக்கீல் காந்தியிடம் போய் நின்றார். முதலாளி அடித்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது பழக்கிய பழக்கம். இந்தியரான வக்கீல் முன்னாலும் அது போகவில்லை. முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாராம் காந்தி. இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்கு அடி, பல் வரை சொல்லி நிறுத்திவிடுகிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்த பேச்சுவார்த்தை. மருத்துவச் சான்று வாங்கி, மாஜிஸ்ட்ரேட் சம்மன் அனுப்பும் அளவுக்கு வழக்குப் பலமாக இருந்தது. ஆனால் முதலாளியைத் தண்டிப்பது நோக்கமில்லை, பாலசுந்தரம் அந்த இடத்தில் இருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தார்கள். முதலாளி சம்மதித்தார், பாதுகாவலர் சம்மதித்தார், ஒப்பந்தம் வேறொருவர் பெயருக்கு மாறியது. கையில் பலம் இருக்கும்போதே நமக்கு வேண்டியது எது என்று சரியாகத் தெரிந்து அதை மட்டும் கேட்பது. டீமில் யாராவது கோபத்தோடு என்னிடம் வந்தால், இதை நினைத்துக்கொண்டு, "எது நடந்தால் நீங்கள் இன்று நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்பேன். பல பேருக்கு அந்தக் கேள்விக்கே ஒரு நாள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று 1973 ஜனவரி 9. டர்பனில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் சுமார் இரண்டாயிரம் பேர் வேலைக்குப் போகாமல் மைதானத்தில் கூடினார்கள். வாரக் கூலி ஒன்பது ரேண்டுக்கும் குறைவு, கேட்டது இருபது ரேண்ட். பேச்சுவார்த்தைக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள் என்றது நிர்வாகம். மாட்டோம் என்றார்கள். யார் முன்னால் வந்து பேசுகிறாரோ அவருக்குத்தான் முதல் அடி என்று அவர்களுக்குத் தெரியும். பேசுவதானால் எல்லோரும் பேசுவோம். அந்த வருடத் தொடக்கத்தில் டர்பன் முழுக்கப் பரவிய வேலைநிறுத்தங்கள் அங்கே தொடங்கியவை. எங்கள் ஷாப் ஸ்டூவர்ட் அம்மா இதைச் சொல்லும்போது, "வாய் இல்லாதவர்கள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்" என்பார். என் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தரையைப் பார்த்த பதினேழு பேரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். பேசினால் என்ன கிடைக்கும், பேசாமல் இருந்தால் என்ன மிஞ்சும் என்று போட்டுப் பார்த்து, அன்றைய விலைவாசிக்கு வாயை மூடியிருந்தார்கள். விலையை ஏற்றி வைத்திருந்தவள் நான்.

அதன் பிறகு நான் செய்தது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பொதுவாகக் கேட்பதை நிறுத்தினேன். அவரவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், "இங்கே நாங்கள் உங்களைச் செய்யச் சொல்வதில் எது முட்டாள்தனமானது?" என்று கேட்கத் தொடங்கினேன். பிரச்சினை இருக்கிறதா என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். முட்டாள்தனம் எது என்றால் எல்லோரிடமும் ஒன்று தயாராக இருந்தது. வேலைச்சீட்டை வாங்குபவர் ஒரு கேள்வியாவது கேட்காமல் வாங்கக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. "மேடம், சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. மூன்றாவது வாரம் அந்தக் குவாமாஷுத் தம்பி கேட்டார்: "மைனஸை ஏன் கோடாகப் போடுகிறோம்? எழுத்தில் எழுதினால் என்ன?" இப்போது எங்கள் சீட்டில் வெப்பநிலைக்கு முன்னால் மைனஸ், பிளஸ் என்று எழுத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்றைச் சுழிக்காமல் ரீஃபரைத் தொடக்கூடாது.

சம்பள விஷயத்துக்கு வேறு வழி. ஒவ்வொரு மார்ச்சிலும் ஊதிய மறுபார்வை வரும். அதற்கு முன்னால் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறேன். வரம்பு என்ன என்று நானே சொல்லிவிடுவேன். போன வருடம் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வேன். எண்களோடு: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேலட் (சரக்கு அடுக்கிய பலகை), எத்தனை மாதம் தவறில்லாமல், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். ஒரு அக்கா, இருபத்திரண்டு வருட சர்வீஸ், "நீங்க பார்த்துக் குடுக்கறத குடுங்கம்மா" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொன்னார். நான்காவது தடவைதான் ஒரு தொகை வாயில் வந்தது. சொல்லிவிட்டு, ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்ளும் பாவனையில் கையைக் கொண்டுபோனார். அவர் போட்டிருந்தது கம்பெனி ஜாக்கெட்.

"உன் ஆட்களுக்கு நீயே ஆயுதம் கொடுக்கிறாயா?" என்று என் மேலாளர் கேட்டார். ரீஃபர் மீனுக்கு ஆன நஷ்டத்தையும் மார்ச் மாதத்தில் ஏறும் மொத்த ஊதியத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். மேலே எதுவும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

இதை எல்லாம் விட வேலை செய்தது, நானே போய்க் கேட்டு மூக்கறுபட்டதைச் சொன்னதுதான். கார் அலவன்ஸ் கேட்டுப் போனேன். தூத்துக்குடி ஆங்கிலம் நடுவில் தடுக்கியது, பாதியிலேயே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். பதினேழு பேரும் சிரித்தார்கள். மேடத்துக்கே இல்லை என்கிறார்கள், மேடம் மறுநாள் வேலைக்கு வந்திருக்கிறாள், சம்பளமும் வருகிறது. அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது.

எல்லோரும் பேச்சாளர் ஆக வேண்டியதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் இன்று வரை என்னிடம் நேரில் ஒன்றும் கேட்டதில்லை. வேலைச்சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். போதும்.

கேட்டதெல்லாம் கொடுக்க முடியுமா என்றால், முடியாது. ஆனால் கேட்கத் தொடங்கினால் எனக்கே தெரியாத வழிகள் எல்லாம் வெளியே வருகின்றன. தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. எங்கள் தமிழ் ஆட்கள் வருடா வருடம் சொந்த விடுப்பில் ஒரு நாளைச் செலவழித்தே தீபாவளி கொண்டாடி வந்தார்கள். ஒரு வருடம் நான்கு பேர் சேர்ந்து வந்து கேட்டார்கள். நான் கையை விரித்தேன். அப்போதும் ஷாப் ஸ்டூவர்ட் அம்மாதான். 1994-ஆம் வருடத்துப் பொது விடுமுறைச் சட்டப்படி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாளை வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் ஜூலு, கிறிஸ்தவர். தீபாவளி அவருக்கு லட்டு வரும் நாள். பொது விடுமுறையான செப்டம்பர் 24, பாரம்பரிய தினத்தன்று நம்மவர்கள் வேலைக்கு வருவது, அதற்குப் பதிலாகத் தீபாவளியன்று விடுமுறை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. செப்டம்பர் 24 ஜூலுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருக்க விரும்பும் நாள், தீபாவளியன்று அவர்களுக்கு ஒன்றுமில்லை. கிடங்குக்கு இரண்டு நாளும் ஆள் கிடைத்தது.

புனித வெள்ளிதான் சிக்கல். அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் தாங்காது. கிறிஸ்தவர்களுக்கு அது ஈஸ்டர் நேரம். பொது விடுமுறைதான், ஆனால் குளிர்பதனக் கிடங்குக்கு ஏது விடுமுறை? வருடா வருடம் நான் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல், போட்டு, வருடா வருடம் யாராவது உடம்பு சரியில்லை என்று போன் செய்வார்கள். அந்த வருடம் வெள்ளைப் பலகையையும் மார்க்கரையும் கொடுத்து நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று வெளியே போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம். உள்ளே ஒரு தடவை நாற்காலி விழும் சத்தம் கூடக் கேட்டது. பலகையில் இருந்தது என் மூளைக்கு எட்டாத ரோஸ்டர்: விடியற்காலை ஷிப்டை மாரியம்மன் கோஷ்டி முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு, பகல் ஷிப்டை ஞாயிறு முக்கியமான கிறிஸ்தவர்கள், அவர்களுக்குப் பதில் ஞாயிறு முழுக்க நம்மவர்கள். அன்று யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அந்த அதிகாரி என்னை விட யோக்கியர் ஆகிவிடுவார்.

பக்கத்துப் பிரிவில் ஒரு பையன் இருந்தான். ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்தவன். வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை, அதற்கு மேல் ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது சட்டம். அவனுக்கு ஓவர்டைம் ஏறவில்லை. என் டீம் ஆட்கள் பேசுவதைப் பார்த்திருக்கிறான். என்னிடம் வந்து கேட்டான். "பேசு தம்பி, எண்ணை எழுதிக்கொண்டு போய்ப் பேசு" என்று சொல்லி ஒத்திகையும் பார்த்து அனுப்பினேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறான். மூன்று மாதம் தாண்டினால் கிடங்கின் ஊழியனாகவே கருதப்பட வேண்டும் என்று அவனைப் போன்றவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. பதினோராவது வாரம், ஏஜென்சி அவனை அனுப்பவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பிரிவு மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. சமரச மத்தியஸ்த ஆணையத்துக்குப் போ, செலவில்லை, வக்கீல் வேண்டாம், முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்று சொன்னேன். போகிறேன் என்றான். பிறகு வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

என் டீமில் பேசினால் விலை குறைவு, ஏனென்றால் அங்கே மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். அவன் பேசப் போன மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று பார்க்காமல், என் கடை விலையை வைத்து அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டேன். இப்போது யாராவது வெளியில் இருந்து வந்து கேட்டால் முதலில் தனியாகப் போகாதே என்கிறேன். ஷாப் ஸ்டூவர்ட் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, கேட்டதை எழுத்தில் கொடு, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள். வேலை நிரந்தரமாகும் வரை பொறு என்றும் சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது எனக்குப் பிடித்த புத்திமதி இல்லை.

ஆகவே, ஐயா, உங்கள் இதழில் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்குவது எப்படி என்று அடிக்கடி வருகிறது. நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் வருகிறது. ஒரு வாரம் அந்தப் பக்கத்தை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒதுக்கிப் பாருங்கள். கடிதம் எழுதிய அதிகாரிக்கும் ஒரு கேள்வி: நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் உங்கள் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போனார்கள் என்று தெரியுமா?

பெயரை வெளியிட வேண்டாம். என் டீமில் இருப்பவர்களை இந்த ஊரில் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்.

இப்படிக்கு,
வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பின்குறிப்பு: அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை டீ நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டு திருத்தம் சொன்னாள். மாதம் 1,800 என்று மட்டும் எழுதினால் சின்னதாகத் தெரிகிறது, அது பதினான்கு மாதம் நடந்தது, மொத்தம் 25,200 ரேண்ட் என்று எழுத வேண்டுமாம். அப்புறம், சம்பளத்தைச் சரிசெய்தார்களே தவிர பழைய பாக்கியைத் தரவே இல்லை என்பதையும் சேர்க்க வேண்டுமாம். இரண்டையும் சேர்த்துவிட்டேன். பாக்கியைப் பற்றி வரும் மார்ச்சில் பேச வருகிறாளாம்; ஒத்திகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.